பீடியை நிறுத்த மூளைக்குக் காந்தமா? மனச்சிதைவும் புகையும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். அவருடைய அண்ணனுக்குப் பல வருஷமா மனச்சிதைவு, அதாவது ஸ்கிஸோஃப்ரினியா. மாத்திரையை ஒழுங்காப் போடுறார், அப்பப்போ வேலைக்கும் போறார். ஆனா ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. "மூளைக்கு மெஷின் வச்சா புகைப் பழக்கம் போயிடும்னு ஒரு விளம்பரம் பாத்தோம்ணே. அம்மா கம்மலை அடகு வைக்கவான்னு கேக்குறாங்க. என்ன செய்ய?" இதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்ல. ராஜபாளையத்துல உக்காந்து கோடு எழுதுற ஆளு. ஆனா ஒரு மெஷின் வேலை செய்யுதா இல்லையான்னு கேட்டா, அதைப் பிரிச்சுப் பாக்காம விட முடியாது. அதனால ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிச்சேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம பக்கம் "தலைக்கு கரண்ட் வைக்கிறது"ன்னு சொன்னாலே எல்லார் மனசுலயும் சினிமாவுல வர்ற ஷாக் ட்ரீட்மென்ட்தான் ஓடும். இது அது இல்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பை வரவழைப்பதும் கிடையாது. உட்கார்ந்தபடியே செய்துகொண்டு, முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

இதில் இரண்டு வகை இருக்கு. ஒன்று டி.எம்.எஸ்., காந்தத் தூண்டல். 1831-இல் ஃபாரடே கண்டுபிடிச்ச விஷயம்தான் இதுக்கு அடிப்படை: மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்சாரத்தை உண்டாக்கும். இங்கே அந்தக் கடத்தி நம்ம மூளை. தலையை ஒட்டி ஒரு செம்புக் கம்பிச் சுருளை வைத்து, அதில் மிகக் குறுகிய நேரத்துக்குப் பெரிய மின்னோட்டத்தை விடுவார்கள். காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போய், கீழே இருக்கும் நியூரான்களைத் தட்டி எழுப்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் டக் டக்னு சத்தம் வரும். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் அவர் குழுவும் இதை முதலில் செய்து காட்டினார்கள். தலையில் சுருளை வைத்துத் துடிப்பைக் கொடுத்ததும் கையில் தசை அசைந்தது.

இன்னொன்று டி.டி.சி.எஸ். இது ரொம்ப எளிமை. ஈரமான இரண்டு ஸ்பாஞ்சைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் விடுவார்கள். இது நியூரானைத் தட்டி எழுப்பாது. எழுவதற்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். (எலெக்ட்ரானிக்ஸ் படிச்ச நண்பர்களே, 9 வோல்ட் பேட்டரியை எடுத்துட்டு நீங்களே கிளம்பிடாதீங்க. தோல் புண்ணாகும். எந்த இடத்துல எவ்வளவு கொடுக்கணும்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே இன்னும் சண்டை நடக்குது.)

சரி, இதுக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம்? 2007-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. மூளையில் காயமோ பக்கவாதமோ ஏற்பட்ட, அதற்கு முன் புகைத்துக்கொண்டிருந்த 69 பேரைப் பார்த்தார்கள். அதில் 19 பேருக்கு இன்சுலா என்ற பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. காதுக்கு மேலே, மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பகுதி அது. அதில் அடிபட்டவர்களில் பலர் சிரமமே இல்லாமல் புகையை விட்டிருந்தார்கள். 'ஒரு தம் போடணும்' என்கிற அந்த உந்துதலே அவர்களுக்கு வரவில்லை. அப்படியென்றால் அந்த இடத்தையும், நெற்றிக்குப் பின்னால் பிரேக் மாதிரி வேலை செய்யும் முன்மூளைப் பகுதியையும் வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் என்ன என்று யோசித்தார்கள்.

தொட்டும் பார்த்தார்கள். ஒரு பெரிய ஆய்வில் 14 மையங்களில் 262 பேரைச் சேர்த்தார்கள். எல்லாரும் ஏற்கனவே ஒரு முறையாவது விட முயன்று தோற்றவர்கள். பாதிப் பேருக்கு நிஜத் துடிப்பு, மீதிப் பேருக்கு சத்தம் மட்டும் வரும் பொய்த் துடிப்பு. நம்ம ஆபீஸ் பாஷையில ஏ/பி டெஸ்ட். மூன்று வாரம் தினமும், அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு முறை. 18-வது வாரக் கணக்கில் விட்டிருந்தவர்கள், நிஜத் துடிப்பில் 19.4 சதவீதம், பொய்த் துடிப்பில் 8.7 சதவீதம். இதை வைத்துத்தான் 2020-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது.

விளம்பரத்துல இதை 'இரண்டு மடங்கு வெற்றி'ன்னு போடுவாங்க. அது பொய்யில்ல. ஆனா நிஜ மெஷின்ல உக்காந்த அஞ்சு பேர்ல நாலு பேர் விடலைங்கறதும் அதே எண்ணுக்குள்ளதான் இருக்கு. முக்கியமா, அந்த ஆய்வில் மனச்சிதைவு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை.

அவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் சின்னச் சின்னவை. 2012-இல் கனடாவின் டொரான்டோவில் 15 பேர். நிகோடின் பட்டை, குழு ஆலோசனை இரண்டோடும் சேர்த்து நான்கு வாரம் காந்தத் தூண்டல். முதல் வாரத்தில் ஏக்கம் குறைந்தது. ஆனால் புகையை விட்டவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. 2014-இல் செக் நாட்டில் 35 ஆண்களுக்கு 21 அமர்வுகள் கொடுத்தார்கள். அங்கே சிகரெட் எண்ணிக்கை குறைந்தது. 2015-இல் அமெரிக்காவில் டி.டி.சி.எஸ்.ஸை ஐந்து அமர்வுகள் கொடுத்துப் பார்த்ததில், கவனம், நினைவு மாதிரி விஷயங்களில் முன்னேற்றம் தெரிந்தது. புகையில் ஒன்றும் நடக்கவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் மனச்சிதைவுக்கு டி.டி.சி.எஸ். ஆய்வுகள் நடந்திருக்கு. அங்கே முக்கியமா குறி வச்சது பீடியை இல்ல, காதில் கேட்கும் குரல்களை.

ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பலாமான்னு என்கிட்ட கேட்டா, நான் இன்னும் பீட்டாதான்னு சொல்வேன்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வுக்கு வர்றேன். இது மெஷினைப் பத்தினது இல்ல, நம்ம ஊரைப் பத்தினது. மனச்சிதைவு உள்ளவர்கள் அதிகம் புகைப்பார்கள் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் விஷயம். 20 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வந்த கணக்கு 62 சதவீதம் என்றது. காரணமாகச் சொல்லப்பட்டது மூளை: நிகோடின் அவர்களுடைய கவனச் சிதறலைக் கொஞ்சம் சரிசெய்கிறது, அதனால் தெரியாமலேயே தனக்குத்தானே மருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று. இந்தக் கோட்பாட்டை வளர்த்த ஆராய்ச்சிகள் சிலவற்றுக்குப் புகையிலைக் கம்பெனிகளே பணம் கொடுத்திருந்ததை, அவர்களுடைய உள் ஆவணங்களைத் தோண்டி 2008-இல் ஒரு கட்டுரை வெளியே கொண்டுவந்தது. கேட்டா ஆச்சரியப்படவா முடியும்?

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற அமைப்பு இருக்கு. டாக்டர் சாரதா மேனன், டாக்டர் ஆர். தாரா ஆகியோர் 1984-இல் தொடங்கியது. அங்கிருந்து சீனிவாசன், தாரா இருவரும் 2002-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சிதைவு உள்ள 286 ஆண் நோயாளிகளிடம் கேட்டார்கள். புகைத்தவர்கள் 38 சதவீதம். மற்ற மனநலப் பிரச்சினைகள் உள்ள ஆண்களையோ, நாட்டின் பொதுவான ஆண்களையோ விட இது அதிகமில்லை. எல்லாமே உயிரியல் இல்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

மூளை அதே மூளைதான். சென்னையில் மட்டும் ஏன் குறைவு? அவர்கள் சுட்டியது பணத்தையும் குடும்பத்தையும். நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க வீட்டோடதான் இருக்காங்க. காசு அம்மா கையிலயோ அண்ணி கையிலயோ இருக்கும். கேட்டுத்தான் வாங்கணும். கேட்டாலும் டீக்குத்தான் கிடைக்கும், பீடிக்குக் கிடைக்காது. இது நல்லதா கெட்டதான்னு எனக்குள்ளயே ஒரு வாதம் ஓடுது. நாற்பது வயசு மனுஷன் அஞ்சு ரூபாய்க்குக் கை நீட்டி நிக்கிறதை நான் எப்படி வெற்றின்னு சொல்ல? ஆனா ஒண்ணு தெளிவா இருக்கு. அந்த அண்ணனோட பீடி அவர் இன்சுலாவுக்குள்ள மட்டும் இல்ல. மத்தியான மூணு மணிக்கு அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசுற ஒரே இடம் பெட்டிக்கடை வாசலா இருக்கலாம். கயித்துல நெருப்பு எடுத்துட்டு ரெண்டு நிமிஷம் நின்னா, பக்கத்துல நிக்கிறவர் மழையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்வார். அதை எந்தக் காயிலும் கொடுக்காது.

இப்போ கம்மல் விஷயம். என் பதில்: வைக்காதீங்க. மேலே சொன்ன ஆய்வு மாதிரி நாலு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள்னா 20 தடவை போகணும். மதுரைன்னே வச்சுக்குவோம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து போக வர 150 கிலோமீட்டர், கூட ஒரு ஆள், அவருக்கு ஒரு மாசச் சம்பளம் போச்சு. அதுக்கப்புறமும் கையில இருக்கிற ஆதாரம் இவ்வளவுதான்.

அதே பணத்துக்கு இதைவிட உறுதியான வழிகள் இருக்கு. 2016-இல் வந்த ஈகிள்ஸ் என்ற ஆய்வில் 8,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அதில் பாதிப் பேர் மனநலப் பிரச்சினை உள்ளவர்கள். வரெனிக்லின் மாத்திரை நிகோடின் பட்டையைவிட நன்றாக வேலை செய்தது, மனநிலையைக் குறிப்பிடும்படி மோசமாக்கவும் இல்லை. 2014-இல் இன்னொரு ஆய்வு: மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ உள்ளவர்கள், மூன்று மாதத்தில் புகையை விட்டபிறகும் அதே மாத்திரையைத் தொடர்ந்தார்கள். ஒரு வருட முடிவில் 60 சதவீதம் பேர் விட்ட நிலையிலேயே இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம்தான். இதுக்கு டாக்டர் சீட்டு வேணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு. தம்பிகிட்ட நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: அண்ணன் என்ன மாத்திரை போடுறார்? க்ளோஸபின்னு சொன்னார். அங்கதான் பக்குன்னு இருந்துச்சு.

க்ளோஸபினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதி. புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள் இந்த நொதியைப் பெருக்கிவிடும். நிகோடின் இல்லை, புகை. சர்வர்ல டிராஃபிக் கூடினா தானா இன்ஸ்டன்ஸ் கூடுமே, அதே மாதிரி. அதனால் புகைப்பவருக்கு மாத்திரை வேகமாகக் கரைந்து போகும். டாக்டரும் அதற்குத் தக்கபடி டோஸைக் கூட்டி வைத்திருப்பார். இப்போ அவர் திடீர்னு பீடியை விட்டால்? சில நாட்களில் நொதி குறைந்துவிடும், மாத்திரை அளவு மட்டும் அப்படியே இருக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவு ஒரு வாரத்துக்குள் சராசரியாக ஒன்றரை மடங்காகலாம். நாள் முழுக்கத் தூக்கம், வாயில் எச்சில் வடிதல், தலைசுற்றல், கடுமையான மலச்சிக்கல், அளவு மிஞ்சினால் வலிப்பு. ஓலான்ஸபினுக்கும் ஓரளவு இதே கதைதான். நிகோடின் கம் மென்றாலும் பட்டை ஒட்டினாலும் இது மாறாது, ஏன்னா அதுல புகை இல்ல. க்ளோஸபின் வலிப்புக்கான வாசலைத் தாழ்த்தும் மருந்து. காந்தத் தூண்டலிலும் அபூர்வமாக வலிப்பு வரலாம். இரண்டையும் சேர்க்கிறவர் இதெல்லாம் தெரிஞ்ச டாக்டரா இருக்கணும்.

வீட்டுல இதை யாரும் கவனிக்காத ஒரு நேரம் உண்டு. கார்த்திகை. நம்ம பக்கம் பாதித் தெரு மாலை போடும். நாள் முழுக்க பீடி இழுக்கிறவங்ககூட 41 நாள் தொட மாட்டாங்க. வீடே சந்தோஷப்படும். க்ளோஸபின் எடுக்கிறவர் மாலை போட்டா, முதல் வாரத்துலயே அவர் எந்நேரமும் தூங்கி விழலாம். விரதக் களைப்புன்னு நினைச்சுக்குவோம். டாக்டர் டோஸைக் குறைச்சு, அவர் மலைக்குப் போய்ட்டு வந்து மாலையைக் கழட்டி, செங்கோட்டை தாண்டி முதல் டீக்கடையில ஒண்ணு பத்த வச்சார்னா, அப்போ மருந்து ரத்தத்துல குறைய ஆரம்பிக்கும். ஒரு மாசத்துல குரல்கள் திரும்ப வரலாம். அதனால மாலை போடுறதுக்கு முன்னாடியும், கழட்டினதுக்கு அப்புறமும் டாக்டரைப் பாருங்க. 'பீடியை நிறுத்துறேன்', 'திரும்ப ஆரம்பிச்சுட்டேன்', ரெண்டையும் வெக்கப்படாம சொல்லணும். டோஸை நீங்களா மாத்தாதீங்க. ராத்திரி நேரத்துல சந்தேகம் வந்தா டெலி மானஸ் எண் 14416, தமிழ்லயே பேசலாம். பீடியை விடுறதுக்கு மட்டும்னா 1800 112 356.