வாவிக் கரையில் கண்டல் மீட்பு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீளம் கொண்டது. கிழக்கே எழுவான்கரையில் குருக்கள்மடம், எதிரே மேற்கில் படுவான்கரையில் அம்பிளாந்துறை. இப்படி இரு கரை ஊர்களுக்கும் நடுவே கிடக்கும் உவர்நீரின் ஓரங்களில் கண்டல் காடு திட்டுத் திட்டாக நிற்கிறது. விறகுக்கும் வேலிக் கம்புக்கும் வலைச் சாயத்துக்கும் ஊரார் வெட்டியது பழைய கதை. இறால் பண்ணைகள், கரை நிரப்பல், போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று மரங்களை அழித்தது ஆகியவற்றால் காடு மேலும் சுருங்கியது. அந்தக் காட்டில் நிற்கும் தில்லை மரத்தைத் தொட மட்டும் வெட்டுகிறவர்கள் யோசிப்பார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

கண்டல் இனங்கள் சிலவற்றின் விதை தாய்மரத்திலேயே முளைத்துவிடும். முளை முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, முற்றியதும் விழும். சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்துபோய் வேறிடத்தில் வேர்விடும். மிண்டி வேர்கள் மரத்தைச் சேற்றில் தாங்குகின்றன. வெண்கண்டலுக்கோ மூச்சு வேர்கள் நிலத்துக்கு மேலே கூர்கூராக நீட்டி நின்று காற்றை உள்ளே எடுக்கின்றன. அந்த வேர்க்கூட்டம்தான் இறால் குஞ்சுக்கும் நண்டுக்கும் ஒளிவிடம்.

2004 சுனாமிக்குப் பிறகு தொண்டர்களும் மாணவர்களும் மீனவர் சங்கங்களும் சேர்ந்து இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டனர். முளையைப் பொறுக்கிச் சேற்றில் ஊன்றுவது ஒரு காலைப்பொழுது வேலை. பல இடங்களில் படம் எடுத்ததோடு அது முடிந்தும் போனது. 2017இல் வெளியான ஆய்வொன்று நாட்டின் 23 நடுகை இடங்களைப் பார்த்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்ற மூன்றே. மூன்றும் மேற்குக் கரையில் உள்ளவை. பொருந்தாத நிலம், பொருந்தாத இனம், நட்டபின் கவனியாமை ஆகியவையே தோல்விக்குக் காரணம்.

மட்டக்களப்பு வாவியில் நிலத்தைத் தேர்வதே கடினம். கடல் ஏற்றவற்றம் இங்கு மிகச் சிறிது. நீர்மட்டத்தை ஆட்டுவது மழையும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும்தான். மாரி வெள்ளம் நிறைந்து, முகத்துவாரம் வெட்டப்படும்வரை தணியாமல் நின்றால் தாழ்வில் நட்ட கன்று நாட்கணக்காக மூழ்கி அழுகும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு நீர் வற்றினால் மேட்டில் நட்டது காயும். ஆகவே ஒரு மாரியும் ஒரு கோடையும் நீர் எதுவரை வந்து போகிறதென்று கரையில் பார்த்துவிட்டு நடுவதே சரி. அதைப் பல்லாண்டாகப் பார்த்தவர்கள் மீனவர்கள். அவர்களைக் கேளாமல் கயிறு பிடித்து வரிசை போடுவதில் பயனில்லை.

நட்டபின் மாடு மிதிக்காமல் வேலி கட்ட வேண்டும், கன்றில் சுற்றும் பாசியைக் களைய வேண்டும், செத்த இடத்தில் மறுகன்று வைக்க வேண்டும். இது சில ஆண்டு வேலை. அருகே தாய்மரங்கள் நிற்கும் இடத்தில் நடவே தேவைப்படாமலும் போகலாம்: தூர்ந்த வாய்க்காலைத் திறந்து நீரோட்டத்தைச் சீராக்கி, மாட்டைத் தடுத்தால் மிதந்துவரும் முளைகள் தாமே ஊன்றிக்கொள்ளும்.