ஏசி ஓடுது... ஆனா ரூம் கூலாகலையா? ‘கேஸ் காலி’ என்று முடிவு பண்ணும் முன் இதையெல்லாம் பாருங்க!

ஏசி ஆன் ஆகிறது. டிஸ்ப்ளேயில் 24 காட்டுகிறது. காற்றும் நன்றாகவே வருகிறது. ஆனால், அரை மணி நேரம் கழிந்த பிறகும் அறை வெக்கையாகவே இருக்கிறது. அக்னி நட்சத்திர நாள்களில் பல வீடுகளில் நடக்கும் கதை இது.

அடுத்து நடப்பதும் பெரும்பாலும் தெரிந்த கதைதான். இரண்டு நாள் காத்திருந்த பிறகு மெக்கானிக் வருவார். ஏசிக்குக் கீழே கையை நீட்டிப் பார்ப்பார். “கேஸ் காலி சார், ஃபில் பண்ணிடலாம்” என்பார். சில ஆயிரம் ரூபாய் கைமாறும், ஏசி ஜில்லென்று ஓடும். அடுத்த கோடையில் அதே பிரச்னை, அதே பதில், அதே செலவு.

‘கேஸ் காலி’ என்பது சில நேரம் உண்மையாக இருக்கலாம். ஆனால், கூலிங் இல்லாததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று இல்லை. அதைவிட எளிய, செலவே இல்லாத காரணங்கள் பல இருக்கின்றன. உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தாலும், வெறுமனே நிரப்புவது மட்டும் ரிப்பேர் ஆகாது.

கேஸ் என்பது பெட்ரோல் இல்லை

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். அந்த வெப்பத்தைச் சுமந்துசெல்லும் வாகனம்தான் கேஸ். அறைக்குள் இருக்கும் காயிலில் அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அதை அழுத்தி, அவுட்டோர் யூனிட்டின் காயிலுக்கு அனுப்பும். அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு, மீண்டும் திரவமாகி உள்ளே திரும்பும்.

இந்தச் சுற்றுப்பாதை முழுக்க மூடப்பட்டது. பைக் பெட்ரோலைக் குடிப்பது போல ஏசி கேஸைக் குடிப்பதில்லை. 10 வருடம் ஓடினாலும் கேஸ் தானாகத் தீராது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்புவது, ஓட்டை டயருக்குக் காற்றடிப்பது மாதிரிதான்.

முதல் 10 நிமிடம்: செலவே இல்லாத செக்கிங்

ரிமோட்டில் இருந்து தொடங்குங்கள். மோடு ‘கூல்’ என்பதில்தான் இருக்கிறதா? பனிச்செதில் (ஸ்னோஃப்ளேக்) வடிவச் சின்னம் தெரிய வேண்டும். தெரியாமல் பட்டன் அழுத்தி ‘ஃபேன்’ அல்லது ‘ட்ரை’ மோடுக்குப் போயிருந்தால் காற்று வரும், எதிர்பார்த்த கூலிங் வராது. நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியை டீஃபால்ட்டாகக் கொண்டே வருகின்றன. எனவே டிஸ்ப்ளேயில் 24 இருப்பது கோளாறு இல்லை. 16-க்குக் குறைத்தால் வேகமாகக் கூலாகும் என்ற நம்பிக்கையும் பெரிதாக உதவாது. கோளாறு இருக்கும் ஏசியில் எந்த எண்ணை வைத்தாலும் ஒன்றுதான்.

அடுத்து ஃபில்டர். இண்டோர் யூனிட்டின் முன்பக்க மூடியைத் தூக்கினால் வலை போன்ற ஃபில்டர் தெரியும். தூசி அடைத்திருந்தால் காற்றோட்டம் குறையும், கூலிங்கும் குறையும். ஏசியை ஆஃப் செய்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. மெயின் ரோட்டை ஒட்டிய வீடு, பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் வீடு என்றால் இன்னும் அடிக்கடி.

மூன்றாவது, அவுட்டோர் யூனிட். பால்கனியில் அதன்மேல் ஈரத்துணி போட்டிருக்கிறதா? முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா? புறா கூடு கட்டியிருக்கிறதா? அவுட்டோர் யூனிட் வெப்பத்தை வெளியே தள்ள இடம் வேண்டும். அதை அடைத்துவிட்டால், உள்ளே எடுத்த வெப்பத்தைக் கொட்ட வழியில்லாமல் ஏசி திணறும்.

வெளியே என்ன சத்தம் கேட்கிறது?

ஏசியை ஆன் செய்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். கரன்ட் போய் வந்தாலோ, ஏசியை ஆஃப் செய்து உடனே ஆன் செய்தாலோ, கம்ப்ரஸர் பாதுகாப்புக்காகச் சுமார் மூன்று நிமிடம் தாமதித்துத்தான் தொடங்கும். அதற்குள் கூலிங் இல்லை என்று பதற வேண்டாம். பிறகு அவுட்டோர் யூனிட்டைக் கவனியுங்கள்.

• ஃபேனும் சுற்றவில்லை, சத்தமும் இல்லை: அவுட்டோர் யூனிட்டுக்குக் கரன்ட்டோ சிக்னலோ போகவில்லை. வயரிங் அல்லது போர்டில் கோளாறு இருக்கலாம். உள்ளே இருந்து வருவது வெறும் ஃபேன் காற்று.

• ஃபேன் சுற்றுகிறது. கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றுபோகிறது: இன்வெர்ட்டர் அல்லாத ஏசிகளில் இதற்குப் பொதுவான காரணம் கெப்பாசிட்டர். சில நூறு ரூபாய் பொருள்தான். கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

• கம்ப்ரஸர் ஓடுகிறது; ஃபேன் மட்டும் சுற்றவில்லை: உடனே ஏசியை ஆஃப் செய்துவிடுங்கள். வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரஸர் சூடாகி, சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

• இரண்டுமே ஓடுகின்றன. ஆனால் கூலிங் இல்லை: இப்போதுதான் அழுக்கு காயில், கேஸ் குறைவு, கம்ப்ரஸர் பலவீனம் போன்ற காரணங்களை யோசிக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அறை கூலான பிறகு கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்வது அதன் இயல்பு. சத்தம் குறைவது கோளாறு இல்லை.

இரவு 10 மணிக்கு மேல் மட்டும் கூலிங் குறைகிறதா? ஸ்டெபிலைசரின் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கலாம். 230-ஐ ஒட்டி இருக்க வேண்டியது ரொம்பக் குறைந்தால், கம்ப்ரஸர் தொடங்காது அல்லது ஸ்டெபிலைசரே சப்ளையை நிறுத்திவிடும். அப்போது அழைக்க வேண்டியது ஏசி மெக்கானிக்கை அல்ல, மின்வாரியத்தை. மின்னகம் எண் 94987 94987.

ஐஸ் கட்டியிருக்கிறதா?

இண்டோர் காயிலில் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தால், ‘நல்லா கூலாகுது’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஐஸ்தான் காற்றை அடைத்துக்கொண்டு கூலிங்கைத் தடுக்கும். கத்தி, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் காயிலில் ஓட்டை விழும்; அதுவரை இல்லாத லீக் அன்றைக்கு வந்துவிடும். கூல் மோடை நிறுத்தி, ஃபேன் மோடில் சில மணி நேரம் ஓட விடுங்கள். ஐஸ் உருகியதும் ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள். அதற்குப் பிறகும் ஐஸ் கட்டினால் காயிலில் அழுக்கு, ஃபேன் கோளாறு, கேஸ் குறைவு என மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தெர்மாமீட்டர் டெஸ்ட்

கையை நீட்டிப் பார்த்துக் கூலிங்கை அளக்க முடியாது. அறை வெப்பம் அளக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது மனித உடல் வெப்பத்தை ஒட்டிய அளவுகளுக்கானது.

ஏசியை 15 நிமிடம் ஓட விடுங்கள். மேலே காற்று உள்ளே போகும் இடத்தில் ஒருமுறை, கீழே வெளியே வரும் இடத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் பொதுவாக 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால், ஏசி தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சென்னை போலப் புழுக்கம் அதிகமுள்ள கடற்கரை ஊர்களில் இது கொஞ்சம் குறையலாம். காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கவும் ஏசி உழைக்க வேண்டியிருக்கிறது அல்லவா! வித்தியாசம் மூன்று, நான்கு டிகிரிதான் என்றால் கோளாறு நிஜம். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் ஓனர் வைத்துக்கொடுத்த ஏசி என்றால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். “கூலிங் கம்மியா இருக்கு சார்” என்பதைவிட இது வலுவான ஆதாரம்.

ஏசி நல்லாத்தான் இருக்கு... அறைதான் பிரச்னை!

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை கூலாகவில்லையா? அப்படியென்றால் அறைக்குள் வரும் வெப்பம் ஏசியின் சக்தியைத் தாண்டுகிறது. ஒரு டன் ஏசி என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை, அதாவது சுமார் 3.5 கிலோவாட்டை வெளியேற்றும் திறன். இந்தத் திறனைப் பரிசோதிக்கும்போது வெளி வெப்பநிலை 35 டிகிரி என்று எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை. வெளியே 41, 42 டிகிரி கொளுத்தும்போது அதே ஏசியின் திறன் குறைந்துவிடும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை, மேற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல், ஹாலோடு சேர்ந்த கதவில்லாத டைனிங் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்குக் கேஸ் நிரப்பிப் பயனில்லை. தடித்த திரைச்சீலை, கதவு இடுக்கை அடைப்பது, மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு ஆகியவைதான் உதவும். கூடவே சீலிங் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓட விட்டால், 26 டிகிரியிலேயே சௌகரியமாக இருக்கும். ஒவ்வொரு டிகிரியை உயர்த்தும்போதும் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம்.

மெக்கானிக் ‘கேஸ் காலி’ என்றால், கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பிரஷர் கேஜ், கிளாம்ப் மீட்டர் ரெண்டையும் மாட்டிப் பார்க்க வேண்டும். அவுட்டோர் யூனிட்டில் தடித்த குழாய் ஜில்லென்று வியர்க்காமல் வறண்டு, மெல்லிய குழாயில் மட்டும் ஐஸ் படிந்திருப்பதும் ஒரு முக்கிய அறிகுறி.

2. லீக் எங்கே? காப்பர் குழாய் இணையும் நட்டுகளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். சோப்பு நுரை போட்டால் குமிழி வரும். கண்ணுக்குத் தெரியாத லீக் என்றால் நைட்ரஜன் அடைத்து பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றால் காயிலே அரித்திருக்கலாம்.

3. வேக்யூம் போடுவீங்களா? லீக்கை அடைத்த பிறகு, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து வெளியேற்ற வேண்டும். இதைத் தவிர்த்தால் உள்ளே சிக்கிய ஈரம் கம்ப்ரஸரைக் கெடுக்கும்.

4. இது எந்த கேஸ்? யூனிட்டின் ஸ்டிக்கரில் ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 என்று ஏதாவது ஒன்று இருக்கும். எது எழுதியிருக்கிறதோ அதைத்தான் நிரப்ப வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போடவோ கலக்கவோ கூடாது.

5. எத்தனை கிராம்? எவ்வளவு கேஸ் வேண்டும் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து நிரப்புவதுதான் சரியான முறை. அளவு கூடினாலும் கூலிங் குறையும்.

இதில் சுற்றுச்சூழல் கணக்கும் இருக்கிறது. ஆர்-22 ஓசோன் படலத்தைப் பாதிக்கக்கூடியது. ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால், 100 வருடக் கணக்கில் சுமார் 675 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-410ஏ என்றால் 2,000 கிலோவுக்கும் மேல்.

இதை மட்டும் செய்யாதீங்க

யூடியூப் வீடியோ பார்த்து அவுட்டோர் யூனிட்டைத் திறக்காதீர்கள். கரன்ட்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், உயிரையே பறிக்கலாம். ஆர்-290 என்பது புரொபேன், எளிதில் தீப்பிடிக்கும். ஆர்-32-வும் ஓரளவு தீப்பிடிக்கக்கூடியதுதான். எனவே பற்றவைப்பு வேலை நடக்கும்போது குழாயில் கேஸ் இருக்கக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது மாடிச் சுவரில், நிற்க இடமே இல்லாமல் தொங்கும் அவுட்டோர் யூனிட் என்றால், நீங்களும் எட்டிப் பார்க்க வேண்டாம். பெல்ட் இல்லாமல் மெக்கானிக்கையும் இறக்க வேண்டாம். “அஞ்சு நிமிஷ வேலைதான் சார்” என்று அவரே சொன்னாலும் சரி. புதிதாக ஏசி மாட்டும் வீடுகளில், சர்வீஸுக்கு ஆள் நிற்க இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் எந்த இடத்தில் லீக் அடைக்கப்பட்டது, எந்த கேஸ், எத்தனை கிராம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். சர்வீஸ் வாரண்டி எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். தெர்மாமீட்டர் டெஸ்ட்டை மெக்கானிக் கிளம்பும் முன்பே இன்னொரு முறை செய்து பாருங்கள். சில வாரங்களில் மறுபடியும் கூலிங் போய், சர்வீஸ் செய்தவர்கள் கைவிரித்தால், அந்த பில்தான் உங்கள் பிடி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.