கிளிக் எங்கிருந்து வருகிறது?

இணையத்தில் சம்பாதிப்பது பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு கேள்வி: "உங்கள் பக்கத்துக்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள், எதைத் தேடி வருவார்கள்?" இதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கான பதிலை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டீ வரட்டும், நிதானமாகச் சொல்கிறேன்.

அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது கமிஷன் தொழில். வாடகைக்கு வீடு காட்டும் புரோக்கருக்கு வீடும் சொந்தமில்லை, குடிவருகிறவரும் சொந்தமில்லை. வீட்டையும் ஆளையும் சேர்த்துவைத்தால் கமிஷன், ஒத்துவரவில்லை என்றால் நடந்த நடை வீண். இங்கேயும் அதேதான். பொருள் வேறொருவருடையது. டெலிவரி, ரிட்டர்ன், கேரண்டி எல்லாம் அவர்கள் பாடு. நம் வழியாகப் போனவர் வாங்கினால் நமக்கு ஒரு பங்கு. இசைத்தட்டு விற்ற சிடிநவ் 1994இலேயே இப்படி ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கிய பிறகுதான் அது சாதாரண மனிதர்களின் கைக்கு வந்தது.

நம் வழியாகத்தான் போனார் என்று கடைக்கு எப்படித் தெரியும்? அமேசான் இந்தியாவின் அஃபிலியேட் லிங்க் ஒன்றை முழு நீளத்தில் பாருங்கள். பொருளின் எண் முடிந்ததும் ‘டேக்’ என்று ஒரு பகுதி வரும். அதில் நாம் பதிவு செய்த பெயர், ஒரு சிறு கோடு, பிறகு 21 என்ற எண். அந்தத் துண்டுதான் நம் முகவரி. லிங்கை அழுத்தியதும் அழுத்தியவரின் பிரவுசரில் குக்கீ என்ற சிறு குறிப்பு பதிவாகிறது. அமேசானில் அதற்கு ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் அவர் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் பொதுவாக 90 நாள் வரை கணக்கு நம் பேரில் இருக்கும். இடையில் இன்னொருவரின் லிங்கை அழுத்தி வாங்கினால் கமிஷன் அவருக்குப் போய்விடும். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் நம் கணக்கில் கழித்துவிடுவார்கள். மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் பணம் கைக்கு வரும். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் பக்கத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், அவர்களில் 60 பேர் லிங்கை அழுத்துகிறார்கள், மூன்று பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். பொருள் 5,000 ரூபாய், கமிஷன் 5 சதவீதம் என்றால் உங்களுக்கு 750 ரூபாய். இதே ஆயிரம் பேரைத் தலைக்கு ஐந்து ரூபாய் விளம்பரச் செலவில் வரவழைத்திருந்தால் 5,000 ரூபாய் போயிருக்கும். கையை விட்டது 4,250. டிராஃபிக், டிராஃபிக் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் விலையையும் தரத்தையும் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இங்கேதான் அடி விழும்.

வருகிறவர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் கூகுளில் தேடி வருகிறவர். காரணம், அவர் தன் மனதில் இருப்பதைத் தானே தட்டச்சு செய்து காட்டிவிடுகிறார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம், புவிசார் குறியீடு பெற்ற பொருள். ‘கிரைண்டர்’ என்று மட்டும் தேடுபவர் எதற்காகத் தேடுகிறார் என்று சொல்ல முடியாது. ‘கிரைண்டர் பெல்ட் மாற்றுவது எப்படி’ என்று தேடுபவர் வீட்டில் ஏற்கெனவே கிரைண்டர் இருக்கிறது, அவருக்குத் தேவை பெல்ட். ‘நாலு பேர் குடும்பத்துக்கு 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் போதுமா’ என்று தேடுபவரோ பணத்தை எடுத்து வைத்துவிட்டு ஒரே ஒரு சந்தேகத்தோடு நிற்கிறார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிறவருக்குத்தான் கமிஷன்.

அதைத் தீர்ப்பது எப்படி? விற்பனைப் பக்கத்தில் இருக்கும் வாட்டையும் எடையையும் பெயர்த்து எழுதினால் தீராது. கிரைண்டரை வாங்கியோ, அக்கம்பக்கத்தில் இரவல் கேட்டோ மாவு அரைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு உளுந்து போட்டால் பொங்கி விளிம்பைத் தொடுகிறது, அரைத்து முடிக்க எத்தனை நிமிடம், கடைசியில் மாவு சூடாகிறதா, குழவிக்கல்லைத் தனி ஆளாகத் தூக்கிக் கழுவ முடிகிறதா, சத்தத்தில் பக்கத்து அறையில் பிள்ளை தூங்குமா, உங்கள் ஊரில் சர்வீஸ் யார் பார்க்கிறார்கள். இவ்வளவையும் படத்தோடு எழுதிய ஒரு பக்கம், பெயர்த்து எழுதிய நூறு பக்கங்களைவிட அதிக நாள் சம்பாதிக்கும். வாங்க வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். அடுத்த முறை நீங்கள் ‘வாங்கலாம்’ என்று சொல்லும்போது நம்புவதற்கு ஆள் இருப்பார்கள்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியவர் பிரையன் லாம். 2011இல் அமெரிக்காவில் வயர்கட்டர் என்ற தளத்தைத் தொடங்கினார். ஒரு வகைப் பொருளை நாள்கணக்கில் சோதித்து, பெரும்பாலானவர்களுக்கு இது ஒன்று போதும் என்று முடிவைச் சொல்லிவிடும் தளம் அது. வருமானம் பெரும்பாலும் அஃபிலியேட் கமிஷன்தான். 2016இல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூடியூப் நல்ல வழி. பொருளை இயக்கிக் காட்ட முடியும், விவரப் பகுதியில் லிங்க் கொடுக்க முடியும். இன்ஸ்டாகிராமில் கூட்டம் அதிகம், ஆனால் படத்துக்குக் கீழே எழுதும் லிங்கை அழுத்த முடியாது, புரொஃபைலுக்குப் போய்த் தேட வேண்டும். அந்த இரண்டு படியிலேயே பாதிப் பேர் உதிர்ந்துவிடுவார்கள். ஆஃபர் சொல்லும் டெலிகிராம் சேனல்கள் ஓடுகின்றன, ஆனால் அங்கே வருகிறவருக்கு விலைதான் முக்கியம், நீங்கள் யார் என்பது முக்கியமில்லை. ஃபேஸ்புக், கூகுள் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்ப்பது கணக்கில் கெட்டிக்காரர்களுக்கு. புதியவர்கள் தொட வேண்டாம்.

‘ஆயிரம் ரூபாய்க்கு லட்சம் விசிட்டர்’ என்று விற்கிறார்களே, அதன் பக்கமே போகாதீர்கள். வருவது பெரும்பாலும் மனிதர்களே இல்லை, நிரல்கள். நிரல் கிரைண்டர் வாங்காது. கம்பெனி கண்டுபிடித்தால் உங்கள் கணக்குத்தான் முடங்கும். குறுக்கு வழியின் முடிவுக்கு ஈபே வழக்கு சாட்சி. அந்த நிறுவனத்துக்கு மிக அதிக விற்பனை கொண்டுவருபவர் என்று பெயரெடுத்த ஷான் ஹோகன், எதையும் அழுத்தாதவர்களின் பிரவுசரிலும் தன் குக்கீயை மறைவாகப் பதித்து ஒரு கோடி டாலருக்கு மேல் கமிஷன் வாங்கினார். ஈபே 2008இல் வழக்குப் போட்டது. 2014இல் அவருக்கு ஐந்து மாதச் சிறை.

நேர்மையாகச் செய்தாலும் ஆபத்து உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் கமிஷனைக் குறைத்தது. மரச்சாமானுக்கு 8 சதவீதம் 3 ஆனது, மளிகைக்கு 5 சதவீதம் 1 ஆனது. உழைப்பு அதே அளவு, வருமானம் பாதிக்கும் கீழே. கூகுளும் அப்படித்தான். ஹவுஸ்ஃபிரெஷ் என்ற சிறு தளம் காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தானே வாங்கிச் சோதித்து எழுதியது. தேடலில் பெரிய பத்திரிகைகளின் பக்கங்கள் தங்களை மூழ்கடிப்பதாக 2024 பிப்ரவரியில் அது விரிவாக எழுத, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதற்குப் பிறகும் அதன் வாசகர் வரத்து சரிந்தது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதனால்தான் சொல்கிறேன்: ஒரே கடை, ஒரே வழி என்று இருக்காதீர்கள். உங்கள் வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலை முதல் நாளிலிருந்தே சேகரியுங்கள். அது ஒன்றை மட்டும் கூகுள் பிடுங்க முடியாது.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கமிஷன் கிடைக்கும் லிங்க் என்பதை வாசகர் கண்ணில் படும்படி எழுத வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கமிஷனுக்கு டிடிஎஸ் பிடிப்பார்கள். 2024 அக்டோபரிலிருந்து அது 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்திருக்கிறது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணத்தை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. அமேசான் அசோசியேட்ஸில் சேரக் கட்டணம் கிடையாது. ‘ரேட்டிங் போடுங்கள், லிங்கை ஷேர் செய்யுங்கள், தினம் பணம்’ என்று டெலிகிராமில் அழைத்து, முதல் நாள் 200 ரூபாய் கொடுத்துவிட்டு மறுநாள் ‘டாஸ்க்’ திறக்க 5,000 கட்டச் சொன்னால் அது மோசடி. தயவுசெய்து கட்டாதீர்கள், வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.