கணினி வாங்கலாம், வினா வங்கி எங்கே?

புது தில்லி: நுழைவுத் தேர்வுகளைத் தாளில் நடத்துவதா, கணினியில் நடத்துவதா? 2024-ஆம் ஆண்டு நீட் வினாத்தாள் கசிவுக்குப் பின் தலைநகரில் எழுந்த இந்த விவாதத்தில் இருவேறு கருத்துகள் பதிவாகியுள்ளன. இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் 2024 ஜூனில் மத்திய அரசு அமைத்த ஏழு பேர் குழு, இயன்றவரை கணினித் தேர்வுக்கு மாற வேண்டும் என்றது. திக்விஜய் சிங் தலைமையிலான கல்வித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவோ, தாளில் எழுதும் தேர்வுக்கே கூடுதல் முக்கியத்துவம் தர வேண்டும் என்று 2025 டிசம்பரில் பரிந்துரைத்தது.

இரண்டு அறிக்கைகளையும் ஒட்டி நடந்த பேச்சில் போதிய இடம் பெறாத கேள்வி ஒன்று உண்டு. கணினி எந்தக் கிடங்கிலிருந்து வினாக்களை எடுக்கும்? அந்தக் கிடங்கை யார், எப்படி, எத்தனை ஆண்டுகளில் கட்டுவார்கள்? தேர்வின் நேர்மை திரையிலோ தாளிலோ இல்லை. வினா வங்கியில்தான் இருக்கிறது.

திறனுக்கேற்ப மாறும் வினா

கணினித் தேர்வு எல்லாம் ஒரே வகை அல்ல. தாளில் உள்ள வினாக்களை அப்படியே திரையில் காட்டுவது ஒரு வகை. ஜேஇஇ மெயின் அவ்வாறு நடப்பது. மற்றொன்று தகவமைப்புத் தேர்வு. இதில் தேர்வர் சரியான விடை அளித்தால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் அவரது திறனைக் கணினி மறுமதிப்பீடு செய்து, அந்த அளவுக்குப் பொருத்தமான வினாவை வங்கியிலிருந்து எடுக்கும். அமெரிக்காவில் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 1994 முதலும், மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் 1997 முதலும் இம்முறையில் நடைபெறுகின்றன.

இதன் பயன்கள் கவர்ச்சியானவை. குறைந்த எண்ணிக்கையிலான வினாக்களால் திறனைத் துல்லியமாக அளக்கலாம். பக்கத்து இருக்கையைப் பார்த்து எழுத முடியாது. ஒரே வினாத்தாள் என்பதே இல்லாததால், ஒரு தாள் கசிந்து நாடு முழுவதும் தேர்வு பாழாகும் நிலை வராது. ஆனால், இவை அனைத்தும் வங்கி வளமாக இருந்தால் மட்டுமே கைகூடும்.

பன்னிரண்டு மடங்கு

தகவமைப்புத் தேர்வுக்கு வங்கியின் அளவு, தேர்வின் நீளத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க ஆய்வாளர் மார்த்தா ஸ்டாக்கிங் 1994-இல் முன்வைத்த கணக்கு. நீட் தேர்வின் 180 வினாக்கள் இம்முறையில் 90 ஆகக் குறைவதாக வைத்துக்கொண்டாலும், 1,080 வினாக்கள் தேவை. இது ஒரு தொகுப்புக்கு மட்டுமே. தேர்வு பல நாள்கள் நடந்தால், மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் பல தொகுப்புகள் வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு வினாவும் எவ்வளவு கடினம், திறமையானவரையும் மற்றவரையும் எந்த அளவுக்குப் பிரித்துக் காட்டும், ஊகித்தே சரியாக எழுத எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பவை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதனை வினா தயாரித்த பேராசிரியரின் அனுபவத்தால் சொல்லிவிட முடியாது. உண்மையான தேர்வர்கள் பெருமளவில் அதற்கு விடை எழுதிய பிறகே கணக்கிட முடியும். அதனால்தான் என்கிளெக்ஸ் தேர்வில் மதிப்பெண்ணில் சேராத 15 சோதனை வினாக்கள் கலந்து தரப்படுகின்றன. எது சோதனை வினா என்பது தேர்வருக்குத் தெரியாது.

இந்தியாவுக்குத் தனிச் சிக்கலும் உண்டு. என்கிளெக்ஸ் தேர்ச்சியா, தோல்வியா என்று மட்டும் கூறும். எனவே தேர்ச்சிக் கோட்டை ஒட்டிய வினாக்கள் நிறைய இருந்தால் போதும். நீட் தரவரிசை வழங்கும் தேர்வு. பொதுப் பிரிவு, இதர பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என ஒவ்வொரு பிரிவுக்கும் இடம் கிடைக்கும் எல்லை வேறு. அந்த எல்லைகள் அனைத்திலும் தரமான வினாக்கள் ஏராளமாக இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் வங்கி வறண்டாலும், அந்தப் பிரிவு மாணவர்களின் மதிப்பீடு மட்டும் துல்லியம் இழக்கும்.

அமெரிக்கா பட்ட பாடு

சிறிய வங்கியின் ஆபத்தை அமெரிக்கா அனுபவத்தால் அறிந்தது. ஜிஆர்இ தேர்வின் தகவமைப்பு வடிவம் 1993-இல் வந்தது. 1994-இல் கப்லான் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களையே தேர்வெழுத அனுப்பி, அவர்கள் நினைவில் கொண்டுவந்த வினாக்களைத் தொகுத்துக் காட்டியது. அதே வினாக்கள் திரும்பத் திரும்ப வந்தது அம்பலமானது. தேர்வை நடத்திய ஈடிஎஸ் அமைப்பு, கணினித் தேர்வு நடக்கும் நாள்களைக் குறைத்ததுடன் வழக்கும் தொடர்ந்தது. 2002-இல் ஆசிய நாடுகளில் தேர்வர்கள் நினைவிலிருந்து எழுதிய வினாக்கள் இணையத்தில் பரவியதால் சீனா, தைவான், தென்கொரியாவில் ஜிஆர்இ பொதுத் தேர்வு மீண்டும் தாளுக்கே திரும்பியது.

காரணம் எளிது. மிக நன்றாக அளக்கும் வினாவையே கணினி மீண்டும் மீண்டும் தேடிப் பிடிக்கும். ஆயிரம் வினாக்கள் இருந்தும் சில வினாக்கள் மட்டுமே பெரும்பாலோர் கண்ணில் படும். ஒரு வினா எத்தனை விழுக்காட்டினருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பிடும் முறையை சிம்சன், ஹெட்டர் ஆகிய இருவரும் 1985-இலேயே வகுத்தனர். வரம்பை இறுக்கினால் வங்கி பெரிதாக வேண்டும். தளர்த்தினால் பயிற்சி மையங்களுக்குக் கொண்டாட்டம்.

ஒரு வினா, 4 லட்சம் பேர்

வினாக்களை முன்கூட்டிச் சோதிக்காததன் விலையை இந்தியா அண்மையில் கொடுத்தது. 2024 நீட் தேர்வில் அணுக்கள் குறித்த ஓர் இயற்பியல் வினாவுக்குப் பழைய, புதிய என்சிஇஆர்டி நூல்களின் வேறுபாட்டால் இரு விடைகளைத் தேசியத் தேர்வு முகமை ஏற்றது. உச்ச நீதிமன்றம் தில்லி ஐஐடி நிபுணர்களின் கருத்தைக் கேட்டது; ஒரே விடைதான் சரி என்றனர் அவர்கள். இதனால் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலா 5 மதிப்பெண்களை இழந்தனர். முழு மதிப்பெண் பெற்றிருந்த 44 பேரும் அதில் அடக்கம். 2025 ஜனவரி ஜேஇஇ மெயின் தேர்வில் குறைந்தது 12 வினாக்கள் கைவிடப்பட்டதை நிலைக்குழு அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

மொழி அடுத்த சுவர். 13 மொழிகளில் நீட் நடத்தப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் வினாவின் கடினமும் மாறிவிடும். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாகக் கூறி, 196 கருணை மதிப்பெண்கள் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும், அதனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் தமிழக மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகவமைப்புத் தேர்வில் 1,080 வினாக்கள் 13 மொழிகளில் 14,040 வடிவங்களாகும். ஒவ்வொரு மொழியிலும் கடினம் தனித்தனியே சரிபார்க்கப்பட வேண்டும்.

வெளிப்படைத்தன்மை என்னாகும்?

2018, 2024 பிழைகள் வெளிவந்ததே, வினாத்தாள் மாணவர் கையில் இருந்ததால்தான். தகவமைப்பு வங்கியின் வினாக்களை வெளியிட்டால் அவற்றை மீண்டும் பயன்படுத்த முடியாது. எய்ம்ஸ் மருத்துவ உயர்படிப்புத் தேர்வின் வினாத்தாள்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தர வேண்டியதில்லை என்று 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியபோதும், வினா வங்கி தீர்ந்துவிடும் என்பதே முக்கிய வாதம். குறைவான இடங்களுக்கான தேர்வுக்கு ஏற்கப்பட்ட அந்த ரகசியத்தை, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் தேர்வுக்கும் நாடு ஏற்குமா?

ஆளுக்கொரு வினாத்தாள் என்பதை நீதிமன்றம் ஏற்குமா என்பதும் தெளிவாக வேண்டும். முதுநிலை நீட் தேர்வை இரு வேளைகளில் நடத்த 2025-இல் முடிவானபோது, இரண்டு வினாத்தாள்கள் ஒரே கடினம் கொண்டவையாக ஒருபோதும் இருக்க முடியாது என்று கூறி, ஒரே வேளையில் நடத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. லட்சக்கணக்கான வினாத்தாள்களை நியாயப்படுத்த அரசின் கையில் இருக்கக்கூடிய ஒரே சான்று, முறையாகச் சோதித்து அளவிடப்பட்ட வினா வங்கிதான்.

எனவே, எத்தனை கணினி மையங்கள் என்று கேட்பதோடு நாடாளுமன்றம் நின்றுவிடலாகாது. வங்கியில் எத்தனை வினாக்கள் உள்ளன, எத்தனை சோதிக்கப்பட்டன, எந்தெந்த மொழிகளில், தவறான வினாவால் பாதிக்கப்பட்ட மாணவர் எங்கே முறையிடுவார், வங்கியைச் சாராத நிபுணர்கள் அதனைத் தணிக்கை செய்வார்களா என்ற கேள்விகளுக்கும் அமைச்சர் அவையில் பதில் சொல்ல வேண்டும். கணினிகளை ஓராண்டில் வாங்கிவிடலாம். வினா வங்கியைக் கட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த வேலையைத் தொடங்காமல் திரையை மட்டும் மாற்றினால், கசிவின் இடம் மாறுமே தவிர கசிவு நிற்காது.