விளக்குக்குப் புளி, காசுக்கு வெறும் தண்ணீர்

இலங்கையின் வாகரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. அந்த உப்புக்காற்றில் அம்மம்மாவின் தகரப்பெட்டிக்குள் கிடந்த பழைய சதக்காசு கருத்துப்போய், ஓரத்தில் பச்சை பூத்திருப்பது புதுமை அல்ல. அதைக் கண்டதும் நம்மவர் கை பழப்புளிக்குத்தான் போகும். குத்துவிளக்கு பளபளக்கிறதே, காசும் பளபளக்காதா?

பளபளக்கும். கூடவே அதன் மதிப்பும் போய்விடும்.

விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த செம்புச் சதம் 1870இல் வந்தது. பின்புறம் ஒரு பனையினத்து மரமும், மதிப்பைச் சொல்லும் சிங்கள, தமிழ் எழுத்துகளும் இருக்கும். அந்த எழுத்துகள் மேலெழுந்து நிற்பது மயிரிழை அளவுக்குத்தான். புளியிலும் தேசிக்காயிலும் உள்ள அமிலம் கறுப்பைக் கரைக்கும்போது அதன் அடியிலுள்ள செம்பையும் வெளிக்காட்டிவிடும். சாம்பலோ தேய்ப்பானோ சேர்ந்தால் கீறலும் விழும். காசு தோலுரித்ததுபோல் இளஞ்சிவப்பாகும். சேகரிப்பவர் அதைப் பார்த்ததுமே பிடித்துவிடுவார்.

செம்பின் மேலுள்ள கபில நிறம் அழுக்கு அல்ல. காற்றோடு சேர்ந்து செம்பு தனக்குத்தானே போட்டுக்கொண்ட போர்வை அது. இறுகிப் பிடித்த கடும்பச்சைக் களிம்பையும் அப்படியே விடலாம். 1892 முதல் வந்த 10, 25, 50 சத வெள்ளிக் காசுகளின் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகத்தால் வருவது. அதுவும் கெடுதல் செய்யாது.

பயப்பட வேண்டியது வெளிர்பச்சைத் தூளுக்கு. தட்டினால் உதிரும், சில நாளில் திரும்பவும் பூக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு செம்புக்குள் இறங்கி, ஈரமும் காற்றும் பட்டதும் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மீண்டும் செம்பை அரிக்கும். அப்படியான காசைத் தனியே பிரித்து, ஈரம்படாமல் வைத்து, விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

மற்றவற்றுக்கு இது போதும். காய்ச்சி வடித்த நீரில் காசை ஒரு நாள் ஊறவிடுங்கள். கிணற்றுநீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். மண் இளகியதும் மிதமான சவர்க்காரம் ஒரு துளி விட்டு, விரல்நுனியால் தடவுங்கள். எழுத்திடுக்கில் நிற்பதை ஈர்க்குச்சியால் மெல்ல நெம்பலாம். மீண்டும் வடித்த நீரில் அலசி, பருத்தித்துணியில் ஒற்றி எடுங்கள். துடைத்தால் மணல் கீறும். எண்ணெய்ப் பிசுக்கோ பசையோ இருந்தால் சுத்தமான அசிற்றோன், அடுப்புக்குத் தூரமாக, யன்னலைத் திறந்து வைத்து.

நன்றாகக் காய்ந்தபின் விளிம்பில் பிடித்துக் கடதாசி உறைக்குள் இடுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் காசில் பச்சைப் பசையைப் படியவைக்கும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் கிடக்கட்டும்.

முதலில் மலிவான காசொன்றில் செய்துபாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த பழங்காசு என்றால் கழுவவே வேண்டாம். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தை மனதில் வைத்து, கிடைத்த இடத்தையும் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.