காடரோடு ஒரு நடை

பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் அங்கே போக எந்த வழி தெரியுமா நேயர்களே? நம்ம தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழிதான்!

யானை, புலி பார்க்கத்தான் பலரும் கிளம்புகிறார்கள். போய் இறங்கியதும், கூட நடக்கும் வழிகாட்டிதான் அவர்களைக் கட்டிப்போடுகிறார்.

அங்கே வழிகாட்டிகளில் பலர் காடர், மலசர் போன்ற பழங்குடியினர். காடர்களின் முன்னோர் ஓரிடத்தில் நிலையாகத் தங்கியவர்கள் அல்லர். கிழங்கும் தேனும் கிடைக்கிற பக்கம் குடிசை போடுவார்கள். அது குறைந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாக அலைந்து சேர்த்த காட்டறிவு, புத்தகத்தில் கிடைக்காது. ஈரமண்ணில் பதிந்த ஒரு குளம்புத் தடத்தைக் காட்டி வழிகாட்டி விளக்கும்போது, நகரத்துக்காரர்கள் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள்.

காடர்களிடம் அழகான பழைய வழக்கம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை தன் கையாலேயே மூங்கில் சீப்பு செய்து மணப்பெண்ணுக்குக் கொடுப்பார். சீப்பின் பட்டையில் கோடும் கட்டமுமாக நுணுக்கமான செதுக்கு வேலை இருக்கும்.

இன்று அவர்கள் நிலையான குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள், வீட்டு வாசலில் கேமராவைத் தூக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.