தூண்டில்முள் கொடி

வெப்பமண்டல மழைக்காடுகளில் நிலத்தை எட்டும் கதிரொளி மிகச் சிறிதே. தாமே தண்டு பருத்து உயரும் வலிமையற்ற கொடிகள், அருகில் நிற்கும் மரங்களைப் பற்றி ஏறியே ஒளியை அடைகின்றன. மிளகு தன் கணுவேர்களால் ஒட்டிக்கொள்ளும். பிரம்பு முட்களால் மாட்டிக்கொள்ளும். ‘அன்சிஸ்ட்ரோகிளேடஸ்’ என்னும் பேரினமோ தன் கிளை நுனிகளையே கொக்கிகளாக வளைத்துக்கொள்ளும். கிரேக்க மொழியில் ‘அன்கிஸ்ட்ரோன்’ என்பது தூண்டில் முள். ‘கிளாடோஸ்’ என்பது கிளை. காரணப்பெயருக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வளரும் இப்பேரினத்தில் ஏறத்தாழ 20 சிற்றினங்கள் உள. அவற்றுள் ‘ஹெய்னியானஸ்’ நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயிற்றுவித்துப் பின்னர்ப் பம்பாயில் ஆய்வு நடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவர்தம் குழுவினரும், அதிலிருந்து ‘அன்சிஸ்ட்ரோகிளேடின்’ என்னும் காரப்போலியை 1970களின் தொடக்கத்தில் பிரித்தறிந்தனர்.

உலகின் பார்வை இப்பேரினத்தின்மீது திரும்பியது கேமரூன் நாட்டினால். அங்குள்ள கோருப் தேசியப் பூங்காவில் 1987இல் திரட்டிய இலைகள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திற்கு அனுப்பப்பெற்றன. அவற்றிலிருந்த ‘மிச்செல்லமைன்-பி’ எச்.ஐ.வி. நச்சுயிரியை ஆய்வுக்கூடத்தில் தடுப்பதாக 1991இல் அறிவிக்கப்பட்டது. எய்ட்ஸ் நோய்க்கு மருந்து தேடி உலகமே தவித்த காலம் அது.

ஆனால் மாதிரியின்மேல் எழுதப்பட்டிருந்த பெயரோ ‘அப்ரீவியேட்டஸ்’. உண்மையான அப்ரீவியேட்டஸ் கொடியைத் திரட்டிச் சோதித்தபோது அப்பொருள் அதில் காணப்படவில்லை! மீண்டும் கோருப் கொடியையே நுணுகி நோக்கினர். அஃது அதுவரை அறிவியல் பெயரிடாத தனிச் சிற்றினம் எனத் தெளிந்து, 1993இல் ‘கோருபென்சிஸ்’ எனப் பெயரிட்டனர். உலர்த்தி ஒட்டிய செடிக்கு அருகே எழுதும் ஒரு பெயர் சிறு செய்தியன்று என்பதைச் சொல்லாராய்ச்சி பயிலும் நம் மாணவர் எளிதில் உணர்வர்.

சிறிய நிலப்பரப்பில் மட்டும் வளரும் கொடியை மருந்துக்காக வெட்டினால் அதன் இனமே அழியுமே என்னும் அச்சம் அடுத்து எழுந்தது. உதிர்ந்த சருகுகளிலும் அப்பொருள் இருப்பது கண்டு ஓரளவு ஆறுதல் அடைந்தனர். பயிரிடும் முயற்சியும் தொடங்கிற்று. எனினும், விலங்குகளுக்கு அது நஞ்சாதல் தெரியவந்ததால் மருந்தாக்கும் திட்டம் கைவிடப்பட்டது.

கொடியின் கதை அதனோடு முடியவில்லை. அதே கோருப் கொடியில் உள்ள ‘கோருபென்சமைன்’ வகைப் பொருள்கள் மலேரியாக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் ஒடுக்குவது கண்டறியப்பட்டது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட் பிரிங்மன் குழுவினர் இப்பேரினத்தின் காரப்போலிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளனர்.